யப்பான் வரைபடத்தோடு யாழ்ப்பாண ஒழுங்கைக்குள்

“இந்தச் செற்றுக்குள்ளை இருக்கிற மப்பை அப்டேற் பண்ணேலுமோ?”

கார் வாங்கின கையோடு எல்லோரும் கேட்கிற கேள்வி. யாழ்ப்பாணத்தில் இதற்கு நேர்மையான பதில்: பெரும்பாலும் ஏலாது, ஏலுமென்றாலும் பிரயோசனமில்லை. இங்கே ஓடுகிற அக்வா, பிறியஸ், அக்சியோ, விற்ஸ், ஃபிற், வெசல், வாகன் ஆர் எல்லாம் அநேகமாக யப்பான் உள்ளூர்ச் சந்தைக்கென்று செய்யப்பட்டு, அங்கே சில வருடம் ஓடி, பிறகு றீகண்டிஷனாகக் கப்பலேறி வந்தவை. டாஷில் இருக்கிற அந்தச் செற்றின் திரைக்குள் ஹொக்கைடோவிலிருந்து ஒக்கினாவா வரை ஒவ்வொரு குறுக்குத்தெருவும் இருக்கும். கொக்குவில் இருக்காது. யப்பானில் புது வரைபடம் விற்கிறார்கள்தான். அதைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டால் நாகோயாப் பக்கம் புதிதாகத் திறந்த வீதி ஒன்று வரும். அவ்வளவுதான்.

இதைச் செற் பழுது என்று நினைப்பவர்கள் உண்டு. பழுதில்லை. செய்மதி யப்பானுக்கு மட்டும் உரியதல்ல. யாழ்ப்பாண நகருக்குள் நிற்கிற கார் தான் வடக்கு 9.66 பாகையிலும் கிழக்கு 80.02 பாகையிலும் நிற்கிறது என்பதைச் சரியாகவே கண்டுபிடித்திருக்கும். அந்த இடத்தில் விரிப்பதற்கு அதனிடம் படம் இல்லை. ஆகவே வெறும் நிறத்தின் நடுவே ஓர் அம்புக்குறி மட்டும் தனியே ஊர்ந்து போகும்.

மணிக்கூடு மூன்றரை மணித்தியாலம் முந்தி ஓடுவதும் இதே கதைதான். யப்பான் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 9 மணித்தியாலம் முன்னே, நாங்கள் ஐந்தரை. செய்மதியிலிருந்து நேரம் எடுக்கிற செற்றுகள் பலவற்றில் கையால் திருத்தவும் விடமாட்டார்கள்.

திகதி பழைய ஆண்டுகளுக்குப் போய்விட்ட செற்றுகளும் உண்டு. ஜீபிஎஸ் சைகையில் கிழமையை எண்ண 10 பிற்றுகள்தான் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. 1024 கிழமை, அதாவது ஏறக்குறைய 19 வருடமும் 8 மாதமும் கடந்ததும் எண்ணிக்கை திரும்பப் பூச்சியத்துக்கு வரும். முதலில் 1999 ஓகஸ்டில் வந்தது, பிறகு 2019 ஏப்ரலில். இதை எதிர்பார்த்து மென்பொருள் எழுதாத செற்றுகள் 1024 கிழமை பின்னுக்குப் போய் நிற்கின்றன. பற்றரியைக் கழற்றி மாட்டினால் இது சரிவராது. கழற்றினால் வேறு சிக்கல் வரும், அதைப் பிறகு சொல்கிறேன்.

ரொயோட்டா முகவர்கள் யப்பானில் பூட்டிக் கொடுத்த செற்றுகளில், குறிப்பாக மாதிரி இலக்கம் என்எஸ்சிபி, என்எஸ்இஸட்டி என்று தொடங்குகிறவற்றில், திரையைச் சரித்தால் பின்னால் ஒரு எஸ்டி காட் இருக்கும். அதைப் பலர் பாட்டுப் போடுகிற காட் என்று நினைத்து இழுத்து எடுத்துவிடுகிறார்கள். அல்லது “யப்பான் மப்தானே, எங்களுக்கு என்னத்துக்கு” என்று எடுத்து, கமராவுக்குப் போட்டு, அழித்தும் விடுகிறார்கள். அந்தக் காட்டில் இருப்பது வரைபடம் மட்டுமல்ல. செற்றை இயக்குகிற நிரலும் அதற்குள்தான். காட் இல்லாமல் செற் விழித்துக்கொண்டால் யப்பான் எழுத்தில் “வரைபடக் காட்டைப் போடுங்கள்” என்று ஒரு வரி வரும். அதோடு வானொலி, புளூடூத் எல்லாம் போச்சு.

சரி, இன்னொருவரின் காட்டைப் பிரதி எடுத்துப் போடலாமே என்றால், சாதாரணப் பிரதி வேலை செய்யாது. ஒவ்வொரு எஸ்டி காட்டுக்கும் தொழிற்சாலையிலேயே பதிந்த அடையாள இலக்கம் ஒன்று உண்டு. கோப்புகளைப் பிரதி எடுத்தாலும் அந்த இலக்கம் கூட வராது, செற் அதைத்தான் முதலில் பார்க்கிறது. இலக்கத்தையும் மாற்றி எழுதக்கூடிய விசேட காட்டில் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். காசு கொடுக்க முதல், உங்கள் செற்றின் மாதிரி இலக்கத்தை முழுதாக, கடைசி எழுத்துவரை சொல்லி, உங்கள் காரிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

காட்டைத் தொடாமலே இதே நிலைக்கு வருகிற இன்னொரு வழி பற்றரி. புதுப் பற்றரி போடும்போது, அல்லது பழையது முற்றாக இறங்கும்போது, சில செற்றுகள் தங்களைத் திருட்டுச் செற் என்று எண்ணிப் பூட்டிக்கொள்ளும். திரையில் ஒரு நீண்ட தொடர் இலக்கத்தைக் காட்டி, அதற்குப் பொருந்துகிற குறியீட்டைக் கேட்கும். கண்டபடி இலக்கங்களை அமத்திப் பார்ப்பது கூடாது. திரையை அப்படியே தெளிவாகப் படம் எடுத்து வைத்துவிட்டு, குறியீடு எடுத்துத் தரக்கூடியவரைத் தேடுவதுதான் வழி.

அதற்கு முதலே தடுப்பது சுலபம். பற்றரி மாற்றும்போது காருக்கு வேறொரு 12 வோல்ற் மூலத்திலிருந்து மின் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சிறிய 12 வோல்ற் பற்றரி ஒன்றும், ஓபிடி (காரின் பிழை பார்க்கிற கருவியைச் செருகுகிற துவாரம்) சொருகியோடு வருகிற வயரும் போதும். அந்தச் சொருகியின் 16ஆவது முனை எப்போதும் நேர் மின், 4ஆவது தரை. வயரில் ஒரு பியூஸ் கட்டாயம் இருக்கட்டும். இப்படிச் செய்யும்போது கழற்றிவிட்ட நேர் முனைக் கவ்வியிலும் மின் இருந்துகொண்டே இருக்கும் என்பதை மறந்துவிடுவார்கள். அது காரின் உலோகப் பகுதியில் தட்டினால் பியூஸ் போகும், செற்றும் பூட்டும், செய்த வேலையெல்லாம் வீண். கவ்வியைக் கழற்றின உடனே பழைய சைக்கிள் ரியூப் துண்டொன்றால் சுற்றிவிடுங்கள். அக்வாவிலும் 2015 வரையான மூன்றாம் தலைமுறைப் பிறியஸிலும் இந்த 12 வோல்ற் பற்றரி பின்பக்கம் இருக்கிறது, பொனற்றைத் திறந்து தேட வேண்டாம்.

சீனத் தயாரிப்பான பழைய இரட்டை டின் (டாஷின் பெரிய துவாரத்துக்குரிய அளவு) செற்றுகள், விண்டோஸ் சீஈ என்ற இயங்குதளத்தில் ஓடுகிறவை, இன்னும் சில கார்களில் இருக்கின்றன. இவற்றில் வழிகாட்டி பெரும்பாலும் ஐகோ என்ற நிரல். முழுவதும் ஒரு எஸ்டி காட்டுக்குள் இருக்கும். ‘கொன்ரென்ற்’ என்ற அடைவுக்குள் ‘மப்’, ‘பீஓஐ’, ‘லைசன்ஸ்’ என்று உப அடைவுகள். வரைபடக் கோப்பின் வால் எஃப்பிஎல் என்று முடியும். புது நாட்டின் கோப்பை உரிய அடைவில் வைத்தால் போதும், ஆனால் அதற்குரிய உரிமக் கோப்பு இல்லாவிட்டால் நிரல் அதைக் கண்டுகொள்ளாது. காட்டைக் கணினியில் செருகினதும் முதல் வேலை எல்லாவற்றையும் அப்படியே ஒரு பிரதி எடுத்து வைப்பது. ‘வழிகாட்டி’ பொத்தானை அமத்தி ஒன்றுமே நடக்காவிட்டால் வரைபடம் பிழையென்று முடிவெடுக்க வேண்டாம். செற்றின் அமைப்புக்குள் வழிகாட்டி நிரல் எங்கே இருக்கிறது என்று காட்டுகிற இடம் ஒன்று உண்டு, பற்றரி போனதும் அது அழிந்திருக்கும். திரும்பவும் அந்த நிரலின் எக்ஸ்ஈ கோப்பைக் காட்டிக் கொடுத்தால் உயிர் வரும். என்றாலும் இந்தச் செற்றுகளுக்கு இனிச் செலவழிப்பது ஓட்டைச் சட்டியில் தண்ணீர் விடுவது மாதிரி.

தொழிற்சாலையிலேயே இலங்கை வரைபடம் உள்ள வழிகாட்டியோடு வந்த வாகனம் உங்களுடையது என்றால், நீங்கள் மட்டுந்தான் உண்மையான அர்த்தத்தில் ‘அப்டேற்’ செய்யப் போகிறவர். தயாரிப்பாளரின் தளத்தில் செஸி இலக்கத்தைக் கொடுத்து, உங்கள் பிராந்தியத்துக்குப் புதுப் பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பல செற்றுகளில் வெறும் யூஎஸ்பியை முதலில் காரில் செருகி, செற் தன் அடையாளத்தை அதில் எழுதவிட்டு, பிறகுதான் கணினிக்குக் கொண்டுபோக வேண்டும். இந்தப் படியைத் தவறவிடுகிறவர்கள்தான் “பைல் இறங்கினது, கார் எடுக்குதில்லை” என்கிறார்கள். யூஎஸ்பி எஃப்ஏடி32 முறையில் இருக்கட்டும். அதில் 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட தனிக் கோப்பு நிற்காது என்பதால் தயாரிப்பாளர்கள் பெரிய வரைபடத்தைத் துண்டுகளாகத் தருவார்கள், துண்டுகளை ஒன்றாக்க முயல வேண்டாம். பதிவு நடக்கும்போது மின் நிற்கக் கூடாது. ஹைபிரிட் என்றால் ஏசிசி நிலையில் (கார் ஓடாமல் செற் போன்றவற்றுக்கு மட்டும் மின் வருகிற நிலை) வைத்துச் செய்யாதீர்கள், சின்னப் பற்றரி பாதியிலேயே இறங்கிவிடும். ‘றெடி’ நிலையில் வைத்தால் பெரிய பற்றரி சின்னதை ஏற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த நிலையில் இஞ்சின் நினைத்த நேரம் தானாக இயங்கும். ஆகவே மூடின கராஜுக்குள் அல்ல, முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள்.

இனி பெரும்பாலானோர் வந்து சேருகிற இடம்: யப்பான் செற்றைக் கழற்றிவிட்டு அன்ட்றொயிட் செற் ஒன்று பூட்டுவது. இது சரியான முடிவுதான். பிழைக்கிறது வாங்குகிற இடத்திலும் வயறிங்கிலும்.

முதலில் அளவு. யப்பான் வழக்கப்படி சாதாரண இரட்டை டின் துவாரம் 180 மில்லிமீற்றர் அகலம், 100 உயரம். ரொயோட்டாவின் அகலத் துவாரம் 200க்கு 100. இந்த 20 மில்லிமீற்றரைக் கவனிக்காமல் 180 செற்றை வாங்கினால் இரண்டு கரையிலும் இடைவெளி தெரியும், கரைத்துண்டுகள் தனியாக வாங்கவேண்டி வரும். 9, 10 அங்குலத் திரை என்றால் உங்கள் மாதிரிக்கென்றே செய்த சட்டகம் வேண்டும். அக்வாவின் சட்டகம் அக்சியோவில் ஏறாது.

கடைப்பெட்டியில் எழுதியிருக்கிற நினைவக அளவையும் அன்ட்றொயிட் பதிப்பையும் நம்ப வேண்டாம். அமைப்புப் பக்கத்தில் பொய் இலக்கம் காட்டுகிற மலிவுச் செற்றுகள் ஏராளம். சீபியூ-இஸட் போன்ற ஒரு செயலியைப் பென்டிரைவில் கொண்டுபோய், கடையிலேயே போட்டுப் பாருங்கள். றாம் 2 கிகாபைற் என்றால் வரைபடம் ஓடும், பாட்டும் சேர்ந்தால் திணறும். 4 இருந்தால் நிம்மதி. சேமிப்பு 32க்குக் குறையக் கூடாது.

வயறிங்கில் ரொயோட்டாவின் பழைய முறை 10 முனைச் சொருகி ஒன்றும் 6 முனைச் சொருகி ஒன்றும். பத்தில் மின்சாரமும் முன் ஸ்பீக்கர்களும், ஆறில் பின் ஸ்பீக்கர்கள். நிசானும் சுசூக்கியும் பல மாதிரிகளில் 20 முனை, ஹொண்டாவின் புதிய மாதிரிகள் 24. அந்தந்தக் காருக்குரிய இடைச்சொருகி கடையில் கிடைக்கும்போது, காரின் வயரை வெட்டி முறுக்கி ரேப் சுற்றுகிற வேலைக்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். ரொயோட்டாப் பக்கத்தில் வழமையாக நீலத்தில் மஞ்சள் கோடு எப்போதும் மின் உள்ளது, சாம்பல் ஏசிசி, மண்ணிறம் தரை, பச்சை விளக்கு. செற்றின் பக்கத்தில் மஞ்சள் நிரந்தர மின், சிவப்பு ஏசிசி, கறுப்பு தரை. நிறத்தை மட்டும் நம்பாமல் மீற்றர் வைத்துப் பாருங்கள். மஞ்சளும் சிவப்பும் மாறிவிட்டால் ஒவ்வொரு முறை சாவி திருப்பும்போதும் செற் எல்லாவற்றையும் மறந்து பிறந்த குழந்தையாக எழும்பும். இரண்டையும் நிரந்தர மின்னில் கொடுத்துவிட்டால் மறக்காது, ஆனால் இரண்டு மூன்று நாளில் பற்றரியைக் குடித்துவிடும். பூட்டி முடிந்ததும், எல்லாக் கதவையும் மூடி அரை மணித்தியாலம் விட்டு, பற்றரியின் எதிர் முனையோடு மீற்றரைத் தொடராக வைத்து அம்பியர் பாருங்கள். முழுக் காரும் சேர்த்து 50 மில்லி அம்பியருக்குள் இருந்தால் நல்லது. வேலை முடித்துக் காசு வாங்க நிற்கிறவர் இதற்குப் பொறுமையாக இருக்கிறாரா என்பதை வைத்தே அவருடைய வேலையை எடைபோடலாம்.

றிவர்ஸ் கமராவில் ஒரு பொறி இருக்கிறது. ரொயோட்டாவின் தொழிற்சாலைக் கமராக்கள் பல 6 வோல்ற்றில் ஓடுகிறவை. புதுச் செற்றோடு வருகிற வயர் 12 வோல்ற் கொடுக்கும். நேரே கொடுத்தால் நல்ல கமரா ஒன்று புகையாகும். இடையில் வோல்ற்றைக் குறைக்கிற சிறு கருவி போட வேண்டும். ஸ்டியரிங் பொத்தான்கள் ரொயோட்டாவில் பெரும்பாலும் மின்தடை முறையில் வேலை செய்கின்றன. இரண்டு சைகை வயரையும் செற்றின் ‘கீ 1’, ‘கீ 2’ வயர்களோடு சேர்த்து, தரையையும் கொடுத்து, அமைப்புக்குள் போய் ஒவ்வொரு பொத்தானாக அமத்திப் பழக்க வேண்டும்.

செற் மாற்றுவதால் கூடவே வருகிற இலாபம் வானொலி. யப்பான் செற்றின் எஃப்எம் 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி 90இலோ 95இலோ முடிகிறது, எங்கள் நிலையங்கள் 108 வரை போகின்றன. இடையில் அலைவரிசை மாற்றுகிற கருவி ஒன்றை வைத்து நிலையங்களைக் கீழே இறக்குகிற வேலை இனித் தேவையில்லை.

ஜீபிஎஸ் அன்ரனாவுக்கு ஒருவரும் மரியாதை கொடுப்பதில்லை. தீப்பெட்டியிலும் சிறிய கறுப்புப் பெட்டி, கீழே காந்தம், மூன்று மீற்றரளவு வயர். வேலை கெதியாக முடிய வேண்டுமென்று அதைச் செற்றுக்குப் பின்னாலேயே, இரும்புச் சட்டத்தின்மேல் போட்டு மூடிவிடுகிறார்கள். பிறகு கார் வீதியை விட்டு வயலுக்குள் ஓடுவதாகக் காட்டும். மேல் முகம் வானத்தைப் பார்க்க, டாஷின் மேல்பக்கத்தில் கண்ணாடிக்குக் கிட்ட, பிளாஸ்திக்குக்குக் கீழே இருந்தால் பரவாயில்லை. உலோகத்துக்குக் கீழே கூடாது. முன் கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள ரின்ற் ஒட்டியிருந்தால் சைகை மெலியும். டாஷ் கமராவின் மின்வயரும் அன்ரனாவும் ஒன்றோடொன்று ஒட்டிப் போகக் கூடாது. ஜீபிஎஸ் ரெஸ்ற் செயலியில் ஏழெட்டுச் செய்மதிகளாவது 30க்கு மேல் பலம் காட்டினால் அன்ரனா நல்ல இடத்தில் இருக்கிறது. முதன்முறை போட்டதும் உடனே இடம் காட்டாவிட்டால் பதற்றப்பட வேண்டாம். எல்லாச் செய்மதிகளின் அட்டவணையையும் முழுதாக இறக்க 12.5 நிமிடம் எடுக்கும். வெளியில் நிறுத்திவிட்டு ஒரு தேத்தண்ணி குடியுங்கள்.

இனி வரைபடம். ஃபோனிலிருந்து ஹொட்ஸ்பொற் கொடுத்துக் கூகுள் மப்பை ஓட்டுவது நகருக்குள் போதும். பூநகரி தாண்டி ஏ32இல் மன்னார்ப் பக்கம் போகிறவர், அல்லது ஏ9இல் இரவோடிரவாகக் கொழும்புக்கு இறங்குகிறவர், வரைபடத்தைச் செற்றுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். கூகுளில் ஒரு பிரதேசத்தைத் தெரிந்து இறக்கி வைக்கலாம். ஆனால் அதற்குக் காலக்கெடு உண்டு. காலாவதியாக 15 நாள் இருக்கும்போது, வைஃபை கிடைத்தால் தானாகப் புதுப்பிக்கப் பார்க்கும். ஃபோன் வீட்டு வைஃபையில் எப்போதும் இருக்கிறது, செற் இருப்பதில்லை. கார் நிற்கிற இடத்துக்கு வைஃபை எட்டாது, எட்டினாலும் செற் அணைந்திருக்கும். ஆகவே செற்றில் இறக்கின வரைபடம் ஓசையில்லாமல் காலாவதியாகி, தேவைப்படுகிற அன்றைக்குக் கைவிரிக்கும். மாதத்துக்கு ஒருமுறை, கார் கழுவுகிற நாளில், ஹொட்ஸ்பொற்றைக் கொடுத்துக் கையால் புதுப்பிப்பதை வழக்கமாக்குங்கள்.

காலாவதித் தலையிடி இல்லாதவை ஓப்பன்ஸ்ரீற்மப் தரவில் ஓடுகிற செயலிகள். 2004இல் தொடங்கிய, யாரும் திருத்தக்கூடிய வரைபடம் அது. அதை வைத்து ஓடுகிறவற்றில் ஓர்கானிக் மப்ஸ் இலேசானது, 2 கிகாபைற் செற்றிலும் தடக்காமல் ஓடும். ஓஸ்மண்ட் நுணுக்கமானது, ஆனால் பலவீனமான செற்றில் வழி கணக்குப் பார்க்க மூச்சு வாங்கும். என் வாக்கு மலிவுச் செற்றுக்கு ஓர்கானிக், நல்ல செற்றுக்கு ஓஸ்மண்ட். செற்றுக்கு இணையம் கொடுக்க வசதி இல்லையென்றால் ஓஸ்மண்டின் இலங்கைக் கோப்பைக் கணினியில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து, செற்றின் கோப்பு உலாவியில் அதைத் தொட்டு ‘ஓஸ்மண்டில் திற’ என்று கொடுங்கள். தானாக உள்ளே எடுத்துக்கொள்ளும். அடைவுகளுக்குள் கையால் போடப் பார்த்தால் அன்ட்றொயிட் 11க்குப் பிறகு அனுமதி மறுக்கும்.

இத்தனையும் செய்த பிறகுதான் யாழ்ப்பாணத்துக்கே உரிய சிக்கல் தொடங்குகிறது. தேடினால் ஊர் வராது.

திருநெல்வேலி என்று அடித்தால் இணையத்தில் தேடுகிற செயலி தமிழ்நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகும். வட்டுக்கோட்டையை நாங்கள் ஆங்கில எழுத்தில் எழுதும்போது ‘ட்ட’ வருகிற இடத்தில் இரண்டு ‘டி’ போடுவதே வழக்கம். இந்தியப் பழக்கத்தில் இரண்டு ‘ரீ’ போட்டுத் தேடினால் வராது. சுன்னாகம் ‘சீ’யில் தொடங்குகிறது, ‘எஸ்’ஸில் தேடாதீர்கள். ஊர்காவற்றுறை, பருத்தித்துறை, நெடுந்தீவு மூன்றும் ஆங்கிலத்தில் வேறு பெயர்களில் இருக்கின்றன: கயிற்ஸ், பொயின்ற் பெட்ரோ, டெல்ஃப்ற். பிள்ளையார் கோயில் என்று தேடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். லண்டனிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள் போஸ்ற்கோட் கேட்பார்கள். 40000 என்று அடித்துப் பாருங்கள், யாழ்ப்பாணம் முழுவதும் அதற்குள் அடக்கம்.

முகவரியை நம்பாமல் இடத்தை இலக்கமாகச் சேமிப்பதே இங்கே வேலை செய்கிற முறை. தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் வைத்தால் ஏறக்குறைய ஒரு மீற்றருக்குள் வரும், அது படலைக்குப் போதும். கலியாண வீட்டுக்காரர் அழைப்பிதழில் அச்சடிக்கிற வழிப்படத்தோடு அந்த இரண்டு இலக்கத்தையும் போட்டால் பாதித் தொலைபேசி குறையும்.

அடுத்தது ஒழுங்கைகள். வரைபடம் கீறுகிறவர்கள் செய்மதிப் படத்தைப் பார்த்துத்தான் கீறுகிறார்கள். மாமரமும் பனையும் தென்னையும் மூடின எங்கள் குச்சொழுங்கைகள் மேலேயிருந்து தெரிவதில்லை. தெரிகிற இடத்திலும் அகலம் தெரியாது. இரண்டு பக்கமும் மதிலுள்ள, சைக்கிளும் மோட்டார்சைக்கிளும் மட்டும் போகிற ஒழுங்கை ‘குடியிருப்பு வீதி’ என்று குறிக்கப்பட்டிருந்தால், வழிகாட்டி ஒரு வெசலை அதற்குள் அனுப்பும். முடக்கில் கண்ணாடி உரசும்போது திரும்பவும் வழியில்லை, பின்னாலேயே எடுக்க வேண்டும்.

இதைத் திருத்துவது கஷ்டமில்லை. ஒழுங்கையில் நடந்தோ சைக்கிளிலோ போகும்போது ஃபோனில் தடத்தைப் பதியுங்கள். வீட்டுக்கு வந்து ஓப்பன்ஸ்ரீற்மப் தளத்தின் தொகுப்பியில் அந்தத் தடத்தை விரித்து, அதன்மேல் கீறுங்கள். கார் போகாத அகலம் என்றால் நடைபாதை வகையைக் கொடுங்கள். ஒரு வளவுக்குள் மட்டும் போய் முடிகிற வழி என்றால் தனியார் அனுமதி என்று குறியுங்கள். தமிழ்ப் பெயருக்குத் தனி இடம் உண்டு, அதை வெறுமையாக விடாதீர்கள். கூகுள் மப்பைப் பார்த்துப் பெயர் பிரதி எடுப்பது மட்டும் கூடாது, உரிமை வேறு. நேரில் பார்த்த பெயர்ப்பலகையும் சொந்த அறிவும் போதும்.

தொகுக்கும்போது அடிக்கடி நடக்கிற பிழை ஒன்று. இரண்டு கோடுகள் திரையில் தொட்டுக்கொண்டிருப்பது போலத் தெரியும், ஆனால் சந்தியில் பொதுவான புள்ளி ஒன்று இல்லாவிட்டால் வழிகாட்டியைப் பொறுத்தவரை அவை இரண்டு தனி உலகங்கள். நூறு மீற்றரில் இருக்கிற வீட்டுக்கு மூன்று கிலோமீற்றர் சுற்றிப் போகச் சொன்னால் காரணம் அநேகமாக இதுதான். பெருப்பித்துப் பார்த்து, ஒரு கோட்டின் முனையை மற்றதன் மேல் இழுத்து ஒட்டிவிடுங்கள். திருத்தம் தளத்தில் சில நிமிடத்தில் தெரியும், செற்றில் தெரியாது. செயலிகள் தங்கள் வரைபடக் கோப்பைத் திரும்பச் செய்து வெளியிடும்வரை, சில கிழமை, காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் செற்றில் நீங்களே இறக்கினால்தான் வரும்.

வலிகாமம் வடக்கு இதைவிடச் சிக்கலானது. 1990இலிருந்து உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் மூடியிருந்த வீதிகள் கட்டம் கட்டமாகத் திறக்கப்பட்டு வருகின்றன. சில வரைபடங்களில் திறந்த வீதி இன்னும் மூடியே இருக்கிறது. வேறு சிலவற்றில் செய்மதிப் படத்தில் தார் தெரிகிறதென்று முழுவதும் திறந்ததாகக் கீறப்பட்டு, கார் ஒரு படலைக்கு முன்னால் போய் நிற்கிறது. படலை இருக்கிற புள்ளியில் தடை என்றும், அதற்கு அப்பால் அனுமதி இல்லை என்றும் குறித்தால் வழிகாட்டி சுற்றிப்போகும். திறந்த அன்றைக்கு யாராவது அந்தக் குறிப்பை அழிக்கவும் வேண்டும். குறிக்கிற கைகள் பல, அழிக்கிற கைகள்தான் குறைவு.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் மறிக்கப்படுவதை ஓப்பன்ஸ்ரீற்மப்பில் கொண்டுபோய் ‘மூடியது’ என்று போடாதீர்கள். அது செயலிகளுக்குப் போய்ச் சேரும்போது கொடி இறங்கியிருக்கும். அந்த நாட்களில் வழிகாட்டியை அணைத்துவிட்டு மறிப்பில் நிற்கிறவரைக் கேட்பதே மேல்.

நீண்ட பயணத்துக்கு முன்னால் செயலி காட்டுகிற வழியை முழுவதும் பெருப்பித்து ஒருதரம் கண்ணால் ஓடவிடுங்கள். மன்னாரிலிருந்து புத்தளத்துக்கு வில்பத்துக் காட்டுக்குள்ளால் ஒரு கோட்டைக் காட்டினால் அதை ஏற்காமல், மதவாச்சி, அனுராதபுரம் என்று இடையில் புள்ளி வைத்து இழுத்துவிடுங்கள். உள்ளூரில் இதே மாதிரி ஓர் இடம் காரைநகர். அங்கிருந்து ஊர்காவற்றுறை கூப்பிடுதூரம், நடுவில் கடல். அந்தக் கடலைக் கடக்கிற மிதவையை நாங்கள் ‘பாதை’ என்றுதான் சொல்லுவோம், வரைபடமும் அதைப் பாதையாகத்தான் எடுத்துக்கொள்கிறது. அது எப்போது ஓடும், எதை ஏற்றும் என்று அதற்குத் தெரியாது. தரைவழி என்றால் பொன்னாலைக்கு ஏறி, வட்டுக்கோட்டை, யாழ்ப்பாணம், பண்ணை, வேலணை என்று ஒரு பெரிய சுற்று. செயலியின் வழித் தெரிவுகளுக்குள் ‘படகுச் சேவையைத் தவிர்’ என்று ஒரு பெட்டி இருக்கும். தீவுப்பகுதிக்குக் காரை எடுக்க முதல் அதில் ஒரு சரி போட்டுவிடுங்கள்.